மூலத் தரவும் முதல் வாசிப்பும்

விஞ்ஞானத்தின் பெருமையெல்லாம் அதன் முடிவுகளிலேயே இருப்பதாகப் பொதுமக்கள் எண்ணுகின்றனர். வானிற் சுழலும் கருவி ஒரு விண்மீனைப் படம் பிடித்தது என்றும், மலைச் சரிவில் நிறுவப்பட்ட நிலையம் இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்ததாகத் தெரிவித்தது என்றும் பத்திரிகைகள் எழுதுகின்றன. உண்மையில் எந்தக் கருவியும் படத்தையோ மழையளவையோ நேராகத் தருவதில்லை. அது தருவது எண்களின் நீண்டதொரு வரிசையே. அவ்வரிசையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எந்த எண் எதனைக் குறிக்கிறது என்று பிரித்தறிந்த பின்னரே படமும் அளவும் பிறக்கின்றன.

இவ்வாறு ஏற்றும் வேலையை எழுத்தர் வேலை என்று கருதுவோர் பலர். புரோகிராம் அதனைத் தானே செய்துவிடும் என்று நம்புவோரும் பலர். இக்கருத்து தவறானது, தீங்கு விளைவிப்பதுங்கூட. மூலத் தரவை முதன்முதல் வாசிப்பது ஆராய்ச்சிக்கு முந்திய வேலையன்று. அதுவே ஆராய்ச்சியின் முதற் படி. அந்தப் படியில் நேரும் பிழை, பின்வரும் படிகளில் தானாக வெளிப்படும் என்பதற்கு யாதோர் உறுதியும் இல்லை. ஆகையால், மூலத் தரவைச் சிதைக்காமற் காப்பதும், அதனை வாசிக்கும் முறையை அறிந்திருப்பதும் ஆராய்ச்சிக்கூடத்தாருக்கு மட்டுமன்றிக் கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமைகளாகும்.

கருவி எழுதும் குறிப்பு

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக் கோளில், வன்மையான எக்ஸ்-கதிர்களை உணரும் கருவி ஒன்று அமைக்கப்பட்டது. காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் ஆகியவை சேர்ந்த படிகத் தகடுகள் 64 அதில் உள்ளன. இவை பதினாறு பதினாறாக நான்கு பகுதிகளில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தகடும் 256 சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் மொத்தக் கட்டங்கள் 16,384 ஆகின்றன.

எக்ஸ்-கதிர்த் துகள் ஒன்று ஒரு கட்டத்தில் விழும்போது, கருவி படம் எதனையும் எடுப்பதில்லை. ஒரு குறிப்பை எழுதி வைக்கிறது. எப்பொழுது விழுந்தது, எந்தப் பகுதியில், எந்தத் தகட்டில், எந்தக் கட்டத்தில் விழுந்தது, எழுந்த மின்துடிப்பின் உயரம் யாது என்பனவே அக்குறிப்பின் உள்ளடக்கம். காலம் 20 மைக்ரோ செகண்டு நுட்பத்துடன் பதிவாகிறது. பதினாறு தகடுகளில் ஒன்றைச் சுட்ட 4 பிட் போதும். 256 கட்டங்களில் ஒன்றைச் சுட்ட 8 பிட் போதும். விண்ணிலிருந்து செய்தி அனுப்பும் வசதி அளவுக்குட்பட்டது. ஆதலின், இத்தகைய கருவிகளில் குறிப்புகள் இயன்றவரை நெருக்கி அடுக்கப்படுகின்றன. எங்கே ஒரு செய்தி முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று அறியாதவனுக்கு அவ்வடுக்கு பொருளற்ற எண்குவியலாகவே தோன்றும்.

மின்துடிப்பின் உயரமும் ஆற்றலன்று. அது வெறும் வரிசை எண்ணே. அதனைக் கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டாக மாற்றுவதற்கு அளவுத்திருத்தம் வேண்டும். இதற்காகவே அக்கருவியினுள் அமெரிசியம்-241 என்னும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து எழும் 59.54 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் எந்த வரிசை எண்ணில் வந்து விழுகிறது என்று பார்த்து, மற்ற எண்களின் பொருளை உறுதிசெய்து கொள்ளலாம். அறியாததை அளக்கும் கருவியினுள்ளே அறிந்த ஒன்றையும் உடன்வைத்த இந்த ஏற்பாடு, தரவை வாசிக்கும் எவரும் பின்பற்றத்தக்கது.

ஒரே கோப்பு, மூன்று விடைகள்

கருவியின் எண்கள் கம்ப்யூட்டரில் பைட் என்னும் அலகுகளாக வந்து சேர்கின்றன. ஒரு பைட் 0 முதல் 255 வரை மட்டுமே குறிக்கவல்லது. அதனினும் பெரிய எண்ணுக்கு இரண்டு பைட் வேண்டும். 1, 44 என்னும் இரு பைட்களில் முதலாவதைப் பெரிய தானமாகக் கொண்டால் 256-உடன் 44 சேர்ந்து 300 ஆகும். இரண்டாவதைப் பெரிய தானமாகக் கொண்டாலோ, 44 முறை 256-உடன் 1 சேர்ந்து 11,265 ஆகும். இரண்டு வழக்கங்களும் உலகில் உள்ளன. வானியலார் பொதுவாகக் கையாளும் ஃபிட்ஸ் என்னும் கோப்பு அமைப்பில் பெரிய தானம் முதலில் வரும்; இன்று மேசைகளின் மேல் காணப்படும் பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் சிறிய தானத்தை முதலில் வைப்பவை. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட் நாட்டார் சண்டையிட்டுக்கொண்ட ஸ்விஃப்ட்டின் கதையிலிருந்து இவ்விரு வழக்கங்களுக்கும் 1980-இல் டேனி கோஹன் என்னும் கம்ப்யூட்டர் நிபுணர் பெயர் சூட்டினார். பெயர் வேடிக்கையானது, விளைவு வேடிக்கையானதன்று.

இரண்டு பைட் அளவுள்ள எண்கள் ஆயிரம் அடங்கிய கோப்பு ஒன்றினை எடுத்துக்கொள்வோர், அதில் 2,000 பைட் இருப்பதைக் காண்பர். பைத்தான் மொழியில் நம்பை என்னும் தொகுதியைக் கொண்டு, எண்ணின் வகையைச் சொல்லாமலே அக்கோப்பை ஏற்றினால், அது எட்டு பைட்டை ஓர் எண்ணாகக் கொண்டு 250 எண்களைத் தரும். மேட்லேப்பில் அவ்வாறே வகை குறிக்காமல் ஏற்றினால், பைட் ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாகக் கொண்டு 2,000 எண்கள் வரும். சரியான விடையோ 1,000. மூன்று வழிகளிலும் புரோகிராம் தடையின்றி ஓடும். எச்சரிக்கை ஏதும் தோன்றாது. கம்ப்யூட்டர் கேட்டதைச் செய்தது. கேட்டவரே கேட்க வேண்டியதை அறியவில்லை.

குறியின் சிக்கலும் இத்தகையதே. இரண்டு பைட்டில் 0 முதல் 65,535 வரை எழுதலாம். அல்லது பாதியை எதிர்மறை எண்களுக்கு ஒதுக்கி, −32,768 முதல் 32,767 வரை எழுதலாம். முதல் முறையில் எழுதிய 40,000 இரண்டாம் முறையில் வாசிக்கப்பட்டால் −25,536 ஆகிவிடும். ஃபிட்ஸ் அமைப்பில் இரண்டு பைட் முழு எண்கள் இரண்டாம் முறையிலேயே எழுதப்படுகின்றன. எதிர்மறையற்ற எண்களை வைக்க வேண்டுமாயின், 32,768-ஐக் கழித்து எழுதி, வாசிக்கும்போது அதனை மீண்டும் கூட்டுக என்று கோப்பின் தலைப்பகுதியிற் குறித்து வைப்பர். அக்குறிப்பைப் படியாமல் எண்களை மட்டும் அள்ளிக்கொள்பவரின் படத்தில் ஒளி மிக்க இடமும் இருண்ட இடமும் தத்தம் உண்மை அளவை இழந்து நிற்கும்.

ஏற்றிய பின்னரும் அபாயம் நீங்குவதில்லை. ஒளி படாத வேளையிலும் உணர்கருவி சிறிதளவு எண்ணைக் காட்டும். அதனை இருட்டு அளவு என்று கழித்துவிடுவது வழக்கம். ஓரிடத்தில் அளவு 100 என்றும் இருட்டு அளவு 103 என்றும் இருந்தால் விடை −3 ஆக வேண்டும். ஆனால் எதிர்மறையற்ற இரண்டு பைட் எண்களாகவே வைத்துக் கழித்தால், நம்பை 65,533 என்று விடை தரும். மேட்லேப் 0 என்று தரும். முன்னது பேரொளியைப் போலத் தோன்றும். பின்னது ஒன்றும் நிகழாதது போலத் தோன்றும். இவற்றுள் எது பெருந்தீங்கு என்று ஆராய்ந்தால், பின்னதே என்பது விளங்கும். முன்னதைக் கண்டவர் திடுக்கிட்டுத் தேடுவார். பின்னதைக் கண்டவர் தேடமாட்டார். எதிர்மறைகளெல்லாம் 0 ஆகிவிடுவதால் சராசரி மட்டும் சற்றே உயர்ந்து நிற்கும். பொருந்தாத பிழையைவிடப் பொருந்துவது போன்ற பிழையே கொடியது.

களத்தில் நேர்வது

இவையெல்லாம் விண்வெளிக் கருவிகளுக்கு மட்டும் உரியன என்று கள ஊழியர் எண்ணலாகாது. இன்று மழைமானியும் வெப்பமானியும் நீர்மட்டக் கருவியும் தாமாகவே பதிவு செய்து நினைவகத்தில் சேர்த்து வைக்கின்றன. கருவி பழுதுற்ற வேளையில் அளவு இல்லை என்பதைக் குறிக்க −999 போன்ற எண்ணை எழுதுவது பல கருவிகளின் வழக்கம். முப்பது நாட்களில் 29 நாட்கள் வெப்பம் 28 பாகையாக இருந்து, ஒரு நாளுக்கு −999 என்று பதிவாகியிருந்தால், அதனை அறியாது ஏற்றிய புரோகிராம் அம்மாதச் சராசரி −6.2 பாகை என்று கூறும். இதனைக் கண்டு எவரும் சிரிப்பர், பிழையும் திருத்தப்படும். ஆனால் இல்லாத அளவுக்கு 99.9 என்பது அடையாளமாக இருந்து, அது மழைமானியின் பத்தியில் நின்றால், பருவமழை மாதத்தில் ஒரு நாள் 99.9 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கணக்கேறும். அதனை எவரும் ஐயுறமாட்டார்.

காலக் குறிப்பும் கவனத்துக்குரியது. இந்தியாவில் ஒரு நாளின் மழையளவு காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடப்படுகிறது. இது உலகப் பொது நேரப்படி 3.00 மணியாகும். கருவி உலகப் பொது நேரத்தில் எழுதியிருக்க, அதனை இந்திய நேரமென்று கொண்டு ஏற்றினால், காலை 10 மணிக்குப் பெய்த மழை 4.30 மணிக்குப் பெய்ததாகி, முந்திய நாளின் கணக்கிற் சேர்ந்துவிடும். மாத மொத்தம் ஏறக்குறைய மாறாதிருக்கலாம். ஆனால் எந்த நாளில் வெள்ளம் வந்தது, அதற்கு எத்தனை மணி நேரம் முன் மழை பெய்தது என்னும் ஆராய்ச்சி அடியோடு பிறழ்ந்துவிடும்.

கள ஊழியர் கருவியிலிருந்து எடுத்த கோப்பை அட்டவணைப் புரோகிராமில் திறந்து, அழகுபடுத்தி, அதனையே சேமித்துத் தலைமையிடத்துக்கு அனுப்புவதுண்டு. நல்லெண்ணத்தாற் செய்யப்படும் இக்காரியத்தால் மூலம் மறைந்துவிடுகிறது. 03-04 என்ற தேதி மார்ச்சு 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று அப்புரோகிராம் தன் விருப்பப்படி முடிவு செய்திருக்கும். பின்னர் வருபவருக்கு எது கருவி எழுதியது, எது புரோகிராம் மாற்றியது என்று அறிய வழியில்லை.

இன்றைய கழிவு நாளைய செல்வம்

மூலத்தைக் காப்பதனால் உண்டாகும் பயனுக்கு இரண்டு சான்றுகள் போதும்.

தென் துருவத்தின் மேல் ஓசோன் குறைந்து வருவதை, ஹாலி பே நிலையத்தில் தரையிலிருந்து எடுத்த அளவுகளைக் கொண்டு, பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்களான ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் ஆகிய மூவர் 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். 1978 முதல் விண்ணிற் சுழன்ற நிம்பஸ்-7 செயற்கைக் கோளும் அதே ஓசோனை அளந்து வந்தது. அதன் தரவை ஆராயும் புரோகிராம், 180 டாப்சன் அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளை ஐயத்துக்குரியவை எனக் குறியிட்டு வைத்தது. அத்துணைக் குறைந்த ஓசோன் இருக்கக்கூடும் என்று எவரும் எதிர்பார்த்திலர். ஆயினும் அவ்வளவுகள் அழிக்கப்படவில்லை, குறியுடன் காப்பாற்றப்பட்டிருந்தன. ஆகவே அவற்றை மீண்டும் ஆராய முடிந்தது. குறைவு உண்மையே என்பதும், அது தென் துருவக் கண்டம் முழுவதும் பரவியது என்பதும் உறுதிப்பட்டன. ஐயத்துக்குரியது என்று குறியிடுவது விவேகம். ஐயத்துக்குரியது என்று அழிப்பது அவிவேகம்.

இரண்டாவது சான்று இந்நாட்டினது. ஆஸ்ட்ரோசாட்டின் எக்ஸ்-கதிர்க் கருவியில், ஒரு துகள் ஒரு கட்டத்தில் விழுவதே எளிதிற் பொருள் கொள்ளத்தக்க நிகழ்ச்சி. சில வேளைகளில், ஆற்றல் மிக்க துகள் ஒரு கட்டத்தில் மோதிச் சிதறி, அடுத்த கட்டத்திலும் விழும். மிகக் குறுகிய கால இடைவெளியில் அருகருகே இரண்டு குறிப்புகள் எழுதப்படும். ஆற்றலை எளிய முறையில் அளக்க விரும்புவோருக்கு இவை இடையூறு. ஆனால் துகள் எத்திசையிற் சிதறியது என்பதைக் கொண்டு கதிரின் முனைவாக்கத்தை அறியலாம். நண்டு நெபுலாவின் நடுவேயுள்ள துடிக்கும் விண்மீனின் கதிர்களை இவ்வாறு 100 முதல் 380 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையுள்ள ஆற்றலில் ஆராய்ந்து, அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் முதலிய நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர்கள் 2017-ஆம் ஆண்டு இறுதியில் முடிவுகளை வெளியிட்டனர். குறிப்பு ஒவ்வொன்றும் தன் காலத்தோடும் இடத்தோடும் தனித்தனியே காக்கப்பட்டிராவிடில் இவ்வாராய்ச்சி நடந்திராது. கருவி எண்களைக் கூட்டி மொத்தத்தை மட்டும் அனுப்பியிருந்தால், இரட்டைக் குறிப்புகள் மொத்தத்தில் கரைந்து போயிருக்கும்.

அன்றியும், இயற்கை தன் நிகழ்ச்சிகளை வேண்டியபோது திரும்ப நடத்திக் காட்டுவதில்லை. அதே கருவி முதன்முதல் இயக்கப்பட்ட 2015 அக்டோபர் 6-ஆம் தேதியன்றே ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. அவ்வெடிப்பு மீண்டும் வாராது. அதன் மூலக் குறிப்பு ஒன்றே அதற்குச் சாட்சி. ஒரு கிராமத்தில் ஓரிரவு பெய்த பெருமழைக்கும் இது பொருந்தும்.

மறுப்பும் விடையும்

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. தேர்ந்த நிபுணர்கள் மூலத் தரவைப் பக்குவப்படுத்தி, எளிதில் பயன்படும் நிலையில் தருகின்றனர். கோப்புகளைச் சரியாக வாசிக்கும் புரோகிராம்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவ்வாறிருக்கப் பைட் கணக்கில் ஆசிரியரும் மாணவரும் ஏன் பொழுதைச் செலவிட வேண்டும் என்பதே அம்மறுப்பு. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஃபிட்ஸ் கோப்பை ஏற்றப் பைத்தானில் உள்ள ஆஸ்ட்ரோபை என்னும் தொகுதி, தலைப்பகுதியைப் படித்து, கூட்ட வேண்டியதைக் கூட்டி, பைட் வரிசையையும் தானே கவனித்துக்கொள்கிறது. நன்கு சோதிக்கப்பட்ட அத்தகைய சாதனம் இருக்கையில், தாமே புதிதாக ஒன்று எழுதப் புகுவது வீண் முயற்சியே.

ஆனால் சாதனத்தைப் பயன்படுத்துவது வேறு. அது செய்வது யாதென அறியாமலிருப்பது வேறு. கணக்குப் பொறி கிடைக்கிறது என்பதற்காகக் கூட்டலும் கழித்தலும் பள்ளிகளிலிருந்து நீக்கப்படவில்லை. பக்குவப்படுத்திய தரவில் எவை நீக்கப்பட்டன, ஏன் நீக்கப்பட்டன என்று கேட்கத் தெரிந்தவனே அத்தரவைப் பயன்படுத்தத் தகுதியுடையவன். மேலும், தேர்ந்த சாதனங்கள் பேரமைப்புகளின் தரவுகளுக்கே உள்ளன. ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில் ஆண்டுகளுக்கு முன் வாங்கிய உணர்கருவிக்கும், ஒரு வட்டார நிலையத்தின் பதிவுக் கருவிக்கும் அவை இரா. அங்கே அமைப்புக் குறிப்பேடு தொலைந்ததென்றால், தரவும் தொலைந்ததற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன

கள ஊழியர் செய்ய வேண்டுவன மூன்று. கருவியிலிருந்து எடுத்த கோப்பைத் திறவாமல், திருத்தாமல், ஒரு பிரதி தனியே வைக்க வேண்டும். திருத்தமும் ஒழுங்கும் மற்றொரு பிரதியிலேயே நடைபெற வேண்டும். கோப்புடன் சிறியதொரு குறிப்பையும் சேர்த்து வைக்க வேண்டும்: கருவி எது, நேரம் எந்த நாட்டு நேரம், அலகு யாது, இல்லாத அளவுக்கு அடையாளம் யாது, கருவி எப்பொழுது பழுது பார்க்கப்பட்டது என்பன அதில் இருத்தல் வேண்டும். இதற்குப் பத்து வரிகள் போதும். மூலப் பிரதியை நிலையாக வைத்துக் காக்கும் வசதியை அளிப்பது அலுவலகங்களின் பொறுப்பு. இடம் போதவில்லை என்று மூலத்தை அழித்து, அட்டவணையை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது கைவிடப்பட வேண்டும்.

ஆசிரியர் செய்ய வேண்டுவதற்குக் கம்ப்யூட்டரும் இன்றியமையாததன்று. 1, 44, 1, 47, 1, 41, 9, 196 என்னும் எட்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி, இவை ஓர் உணர்கருவி தந்த பைட்கள் என்று சொன்னாற் போதும். பெரிய தானம் முதலில் என்று கொண்ட மாணவர் 300, 303, 297, 2,500 என்று காண்பர். அமைதியான மூன்று அளவுகளை அடுத்து ஒரு பேரொளி நிற்பது விளங்கும். சிறிய தானம் முதலில் என்று கொண்டவர் 11,265, 12,033, 10,497, 50,185 என்று காண்பர். அவருக்கும் ஒரு பேரொளி தோன்றும். ஆயினும் அளவும் விகிதமும் பொய். கடைசி எண்ணைக் குறியுள்ள எண்ணாகக் கொண்டவருக்கு அது −15,351 ஆகி, பேரொளி பெரும் பள்ளமாக மாறும். எது சரி என்று எட்டு எண்களை மட்டும் பார்த்துச் சொல்ல இயலுமா என்று ஆசிரியர் வினவ வேண்டும். இயலாது, அமைப்புக் குறிப்போ, முன்னமே அறிந்த ஓர் அளவோ வேண்டும் என்பதை மாணவர் தாமே உணர்வர். அரை மணி நேரப் பாடத்தில் இதனைவிடப் பயனுள்ள விஞ்ஞானப் பயிற்சி அரிது.

கம்ப்யூட்டர் வசதியுள்ள கல்லூரிகளில் இன்னும் ஒரு படி செல்லலாம். ஆஸ்ட்ரோசாட்டின் தரவுகளை இந்திய விண்வெளி ஆராய்ச்சி அமைப்பு 2018-ஆம் ஆண்டு முதல் பொதுப் பயனுக்கு வெளியிடத் தொடங்கியது. அவற்றுள் ஒரு கோப்பை ஏற்றி, முதலில் அதன் பருமனைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பகுதியில் ஒவ்வொரு வரியும் 80 எழுத்து. 36 வரிகள் சேர்ந்து 2,880 பைட் கொண்ட ஒரு தொகுதி. கோப்பு முழுதும் இத்தொகுதிகளாலேயே ஆனது. ஆகவே கோப்பின் பருமன் 2,880-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிடில் கோப்பு குறைபட்டது. பின்னர், அறிந்த அளவு ஒன்று உரிய இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம். இந்த இரண்டு சோதனைகளும் முடிந்த பின்னரே படம் வரையத் தொடங்குவது என்னும் ஒழுக்கம் மாணவப் பருவத்திலேயே பதிய வேண்டும்.

விலையுயர்ந்த கருவிகளை நிறுவுவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பகுதியேனும் அவை எழுதும் குறிப்புகளைக் காப்பதிலும் கற்பதிலும் காட்டப்பட வேண்டும். கருவி பழையதாகிவிடும், புரோகிராமும் மாறிவிடும். இருபது ஆண்டுகளுக்குப் பின் புதியதொரு கேள்வியுடன் வரும் ஆராய்ச்சியாளனுக்கு உதவப்போவது, இன்று ஒரு நிலையத்தில் ஒருவர் திருத்தாமல் வைத்த மூலக் கோப்பும், அதனருகே எழுதி வைத்த பத்து வரிக் குறிப்புமே ஆகும். அவ்வளவு சிறிய உழைப்பை மறுக்கத் தக்க காரணம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை. எந்தப் பள்ளிக்கும் இல்லை.